திரைப்படச் சங்கத் திரையிடலில் மொழியின் இடம்: நெய்யாற்றின்கரை எல்லைப்பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

திரைப்படத்தின் மொழி காட்சியே. பேச்சுமொழி அதற்குத் துணையேயன்றி உயிரன்று என்பது திரைப்படச் சங்கங்கள் தோன்றிய காலந்தொட்டு வழங்கிவரும் கருத்து. நல்ல திரைப்படம் எந்நாட்டினதாயினும் எந்நாட்டாருக்கும் விளங்கும் என்னும் நம்பிக்கையின்மீதே இச்சங்கங்கள் கட்டப்பட்டன. இந்நம்பிக்கை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் ஒரு சங்கத்தின் திரையிடல் எவ்வாறு நடைபெறுகிறது என்பதைப் படிப்படியாக நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும். அறிவிப்புத் தாள், படத்தின் தலைப்பு, கதைச்சுருக்கம், தொடக்கவுரை, திரையின் அடியில் ஓடும் எழுத்து, இறுதியில் நிகழும் கலந்துரையாடல் என ஒவ்வொரு படியிலும் மொழியே முன்னிற்கிறது. அம்மொழி எது, அது பார்வையாளரின் மொழியா என்பதைப் பொறுத்தே சங்கம் யாருடைய சங்கம் என்பது முடிவாகிறது.

இக்கருத்தைக் கேரள, தமிழக எல்லையில் அமைந்த காரக்கோணம், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தை அளவுகோலாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். திரைப்படச் சங்க இயக்கம் ஆழ வேரூன்றிய திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இவ்வட்டாரம் உள்ளது. அதேவேளை தமிழ் வழங்கும் நிலத்தின் விளிம்பாகவும் உள்ளது. ஒரே படம் இரு மொழிகளின் வாயிலாகக் காணப்படக்கூடிய இடமாதலின், திரையிடலில் மொழி ஆற்றும் பணியை இங்குத் தெளிவாகக் காணலாம்.

2. சங்கங்களின் தோற்றமும் மொழியும்

திரைப்படச் சங்கம் என்னும் அமைப்புக்கு முன்மாதிரியாக 1925இல் தோன்றிய இலண்டன் திரைப்படச் சங்கத்தைக் கூறுவர். இந்தியாவில் 1947இல் சத்யஜித் ராய், சிதானந்த தாஸ்குப்தா முதலியோர் கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினர். 1952இல் நடைபெற்ற முதல் அனைத்துலகத் திரைப்பட விழா, பம்பாய், சென்னை, தில்லி, கல்கத்தா ஆகிய நகரங்களில் இத்தாலிய, சப்பானியப் படங்களை இந்தியப் பார்வையாளருக்கு அறிமுகப்படுத்திற்று. 1959இல் இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. 1964இல் தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் நிறுவப்பட்டது. காப்பகத்தை வளர்த்தவரும் திருவனந்தபுரத்தைச் சேர்ந்தவருமான பி.கே. நாயர், படச்சுருள்களைப் பூட்டி வைப்பதோடு நில்லாமல் 16 மி.மீ. படிகளாகச் சங்கங்களுக்கு வழங்கவும் வழிசெய்தார். தொலைவூர்ச் சங்கங்கள் உலகப் படங்களைக் காண முடிந்தமைக்கு இவ்வேற்பாடு பெருங்காரணமாகும்.

கேரளத்தில் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் அவர்தம் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். அங்கிருந்து இயக்கம் சிற்றூர்களுக்குப் பரவிற்று. இப்பரவலுக்கு இரு காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் பயனாகச் சிற்றூர்தோறும் வாசகசாலைகள் இருந்தமை. இரண்டாவது, சங்கங்களின் துண்டறிக்கை, இதழ், கதைச்சுருக்கம், விவாதம் ஆகியன மலையாளத்தில் அமைந்தமை. முதற்காரணம் பலராலும் எடுத்துரைக்கப்பட்டுள்ளது. இரண்டாவதன் முதன்மை போதிய அளவு உணரப்படவில்லை.

தமிழகத்திலும் சங்கங்கள் இல்லாமலில்லை. கூட்டமைப்பு உருவானபோதே சென்னையில் சங்கம் இருந்தது. 1977இல் தோன்றிய இந்தோ சினி அப்ரிசியேசன் பவுண்டேசன் 2003 முதல் சென்னை அனைத்துலகத் திரைப்பட விழாவை நடத்திவருகிறது. ஆயினும் நெடுங்காலம் இச்சங்கங்களின் அறிவிப்பும் குறிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. ஆங்கிலம் அறியாதார் உள்ளே வரலாகாது என எவரும் தடுத்ததில்லை. ஆனால் வாயிலில் வைத்த தாள் அவருக்காக எழுதப்பட்டதன்று. தமிழகத்துச் சங்கங்கள் பெரிதும் நகரத்து நடுத்தர வகுப்பினரின் அவையாக நின்றுவிட்டமைக்குத் தமிழரின் வணிகப்பட மோகத்தையே காரணமாகக் காட்டுவது வழக்கம். மொழித் தேர்வும் அதற்கு நிகரான காரணம் என்பதை மறுத்தல் இயலாது.

இதற்கு எதிர்ச்சான்றாகக் கர்நாடகத்தின் ஹெக்கோடு சிற்றூரைக் கூறலாம். அங்கு கே.வி. சுப்பண்ணா வழிநடத்திய நீநாசம் நாடக அமைப்பு 1973இல் திரைப்படச் சங்கம் ஒன்றையும் தொடங்கிற்று. எழுபதுகளின் இறுதியில் தேசியக் காப்பகத்தின் துணையுடன் உலகப் படங்கள் அவ்வூர் மக்களுக்குக் காட்டப்பட்டன. ரசனைப் பயிற்சிகள் நடத்தப்பட்டன. சுப்பண்ணாவின் அட்சரப் பிரகாசனம் திரைப்படம் பற்றிய நூல்களைக் கன்னடத்தில் வெளியிட்டது. பாக்கு விளையும் மலைநாட்டுச் சிற்றூரில் உலகத் திரைப்படம் வேரூன்றியது காட்சியின் ஆற்றலால் மட்டுமன்று. அதைப் பற்றிப் பேசுவதற்குரிய கன்னடத்தை முன்கூட்டியே உருவாக்கி வைத்தமையாலும் ஆகும்.

3. எல்லைப்பகுதியின் மொழிச்சூழல்

திருவிதாங்கூர்த் தமிழர் கோரிய ஒன்பது வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மாநிலச் சீரமைப்பில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று வரையப்பட்ட கோடு களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே செல்கிறது. காரக்கோணம், வெள்ளறடை, பனச்சமூடு முதலிய ஊர்கள் இக்கோட்டை ஒட்டியே உள்ளன. சந்தை, திருமணம், மருத்துவம், வழிபாடு ஆகிய அனைத்திற்கும் மக்கள் இருபுறமும் சென்று வருவர்.

இங்கு வழங்கும் பேச்சு மொழியியலார் கருத்தை ஈர்க்கத்தக்கது. விளவங்கோட்டுத் தமிழர் 'பேசு' என்னும் பொருளில் 'பறை' என்பதையும், நீரைக் குறிக்க 'வெள்ளம்' என்பதையும் இயல்பாக ஆள்வர். இவற்றை மலையாளக் கடன் எனக் கொள்வதா, இரு மொழிக்கும் பொதுவான பழஞ்சொல் எஞ்சி நிற்றல் எனக் கொள்வதா என்பது தனி ஆய்வுக்குரியது. கோட்டின் மேற்கே மலையாளமே பெரும்பான்மையோர் மொழி. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் கொண்டு வளர்ந்தோரும் உளர். கிழக்கே பள்ளிமொழி தமிழ். ஆனால் மலையாளப் பேச்சு காதுக்குப் பழக்கமானது. அதாவது இப்பகுதியில் பேச்சு ஒரு தொடர்ச்சியாக உள்ளது. எழுத்தே இரண்டாகப் பிரிந்துள்ளது. இவ்வேறுபாடு திரையிடலுக்கு எத்துணை இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

இப்பகுதிக்கும் திரைப்பட வரலாற்றுக்கும் உள்ள தொடர்பும் சிறிதன்று. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தை எடுத்த ஜே.சி. டேனியல் அகஸ்தீஸ்வரத்துக்காரர். அப்படத்தின் படி எதுவும் எஞ்சவில்லை. இரண்டாவது படமான 'மார்த்தாண்டவர்மா'வை நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கினார். 1933இல் வெளிவந்த அப்படம், சி.வி. ராமன்பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. நூலின் பதிப்புரிமை தொடர்பான வழக்கினால் படம் முடக்கப்பட்டது. 1974இல் அதன் படியைத் தேசியக் காப்பகம் மீட்டது. மார்த்தாண்டவர்மா ஒளிந்திருந்ததாகக் கூறப்படும் 'அம்மச்சிப் பிலாவு' என்னும் பலாமரம் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் உள்ளது. ஆக, எல்லைப்பகுதி மக்கள் தம் மண்ணின் கதையையே காண்பதற்குக் காப்பகத்தையும் திரைப்படச் சங்கம் போன்ற அமைப்புகளையும் சார்ந்திருக்க நேர்ந்தது.

4. மௌனப்படமும் மொழியும்

மொழி வேண்டாத் திரைப்படத்துக்கு எடுத்துக்காட்டாக மௌனப்படத்தைக் கூறுவது மரபு. ஆனால் மௌனப்படம் மொழியற்றதன்று. 'மார்த்தாண்டவர்மா'வில் காட்சிகளுக்கு இடையே ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் எழுத்து அட்டைகள் வருகின்றன. சில அட்டைகளின் வாசகம் நாவலிலிருந்தே எடுக்கப்பட்டது. எழுத்தறிவு குறைந்திருந்த அக்காலத்தில் தென்னிந்தியக் கொட்டகைகளில் அட்டைகளை உரக்கப் படித்துக் கதையை விளக்குவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். படம் மௌனமாக இருந்தது. கொட்டகை மௌனமாக இருக்கவில்லை.

மௌனப்படத்தைச் சூழும் விளக்கம் எத்துணை வலியது என்பதற்குக் காரக்கோணத்தோடு தொடர்புடைய ஒரு சான்றும் உண்டு. அவ்வூர் மருத்துவக் கல்லூரி, டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல் பெயரைத் தாங்கியது. நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றிய இவர் 1922, 1924ஆம் ஆண்டுகளின் எவரெஸ்டுப் பயணங்களில் பங்குகொண்ட மலையேறியுமாவார். 1924ஆம் ஆண்டுப் பயணத்தை ஜான் நோயல் 'தி எபிக் ஆஃப் எவரெஸ்ட்' என்னும் மௌனப்படமாக்கினார். 2013இல் பிரித்தானியத் திரைப்படக் கழகம் அதைச் செப்பனிட்டு வெளியிட்டது. இலண்டன் திரையிடலின்போது திபெத்திய லாமாக்கள் மேடையில் நடனமாட வைக்கப்பட்டனர். அந்நடனமும் படத்தின் சில காட்சிகளும் திபெத்திய ஆட்சியாளரைப் புண்படுத்தின. 1933 வரை அடுத்த பயணம் நிகழவில்லை. காட்சி எவரையும் பெயர் சொல்லி இழிக்கவில்லை. அதைக் காட்டிய முறையும் அதற்கு அளித்த விளக்கமுமே இழிவாயின. காட்டப்படுவோர் மொழியில் அவ்விளக்கம் அமைந்திருக்கவில்லை என்பது கருதத்தக்கது.

கேரளத்தில் 1984இல் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் தொடங்கிய ஒடேசா குழு இதனினும் வேறான வழியைக் காட்டியது. அவர்கள் சாப்ளினின் 'தி கிட்' படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு மக்களிடம் சிறுதொகை திரட்டினர்; அத்தொகையைக் கொண்டு 1986இல் 'அம்ம அறியான்' படம் உருவாயிற்று. 1921ஆம் ஆண்டு மௌனப்படம் ஒன்றைத் தேர்ந்தமை மொழித் தடையைக் கடக்கும் உத்தி எனக் கூறலாம். ஆயினும் அக்கூட்டங்கள் மௌனக் கூட்டங்கள் அல்ல. ஏன் காட்டுகிறோம், பணம் எதற்கு என்பவற்றை மக்களிடம் மலையாளத்தில் எடுத்துரைத்த பின்னரே பணம் திரண்டது. சாப்ளின் கூட்டத்தைச் சேர்த்தார். மலையாளம் அதை இயக்கமாக்கிற்று.

5. சப்டைட்டிலும் இலக்கணமும்

பேசும் படத்தில் சிக்கல் மிகுதியாகும். திரையின் அடியில் வரும் மொழிபெயர்ப்பு வரிகளைச் சப்டைட்டில் என்றே தமிழர் வழங்குகின்றனர். துணைத்தலைப்பு, வசனவரி எனச் சில ஆக்கங்கள் இருப்பினும் எதுவும் நிலைபெறவில்லை. பெயரே நிலைபெறாமை, தமிழில் அப்பணி போதிய அளவு நடைபெறாமையின் அறிகுறியாகும்.

சங்கங்கள் காட்டும் பிறமொழிப் படங்களில் சப்டைட்டில் பெரும்பாலும் ஆங்கிலமே. தமிழிலோ மலையாளத்திலோ மொழிபெயர்ப்போரும் ஆங்கில வரிகளையே மூலமாகக் கொள்கின்றனர். எனவே மூலமொழிக்கும் தமிழுக்கும் பொதுவாக உள்ள இலக்கணக் கூறுகள்கூட ஆங்கிலம் என்னும் இடைவழியில் தொலைந்துவிடுகின்றன. சங்கங்களின் பட்டியலில் தவறாது இடம்பெறும் மூன்று படங்களைக் கொண்டு இதனை விளக்கலாம்.

5.1 உறவுப்பெயர்

சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில் அப்பு தன் தமக்கை துர்காவைத் 'திதி' என்றழைக்கிறான். தமிழில் இது 'அக்கா'. ஆங்கிலத்தில் இவ்விளிக்கு நேர்ச்சொல் இல்லை; உடன்பிறந்தாள் எனப் பொதுப்படக் கூறவேண்டும் அல்லது பெயரை இடவேண்டும். பாட்டி இந்திர் தாக்குருணைத் துர்கா 'பிஷி' என்கிறாள். வங்கத்தில் இது தந்தையின் உடன்பிறந்தாளைக் குறிக்கும், தமிழில் 'அத்தை'. ஆங்கிலச் சொல்லோ தந்தை வழியையும் தாய் வழியையும் ஒன்றாக்கிவிடும். அதை மட்டும் நோக்கும் மொழிபெயர்ப்பாளர் 'சித்தி' என்றோ 'பெரியம்மா' என்றோ எழுதினால் வியப்பில்லை.

இஃது அகராதிப் பிழை மட்டுமன்று. அம்மூதாட்டி ஹரிஹரனுக்குத் தமக்கை முறை. ஆகவே சர்வஜயாவுக்கு நாத்தனார் முறை. சர்வஜயா அவளிடம் காட்டும் கடுமையும், அவள் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதும் திரும்புவதும் இம்முறையின்மீதே நிற்கின்றன. வறுமைமிக்க வீட்டில் கணவன் வழிக் கிழவி ஒருத்திக்கும் மருமகளுக்கும் இடையிலான பிணக்கை விளக்கத் தமிழில் நாத்தனார் என்றும் மலையாளத்தில் நாத்தூன் என்றும் ஒரு சொல் போதும். வங்கச் சிற்றூருக்கும் காரக்கோணத்துக்கும் இடையே நேர்வழி இருக்க, படம் இலண்டனைச் சுற்றி வந்து சேர்கிறது.

5.2 எண்

விட்டோரியோ டி சிகாவின் 1948ஆம் ஆண்டுப் படத்தின் இத்தாலியத் தலைப்பு பன்மையில் உள்ளது. அமெரிக்காவில் அது ஒருமைத் தலைப்புடன் வெளியாயிற்று. தமிழில் இவை முறையே 'சைக்கிள் திருடர்கள்', 'சைக்கிள் திருடன்' ஆகும். ஒருமையில் கூறினால் அந்தோனியோவின் சைக்கிளைத் திருடிய இளைஞன் ஒருவனே திருடன். பன்மையில் கூறினால், இறுதியில் மகன் காண மற்றொருவன் சைக்கிளைத் திருட முற்படும் அந்தோனியோவும் அதில் அடங்குவான். படத்தின் அறக்கேள்வி முழுவதும் ஒரு பன்மை விகுதியில் உள்ளது எனல் மிகையாகாது.

தமிழ் உயர்திணைப் பெயரில் பன்மையைக் குறித்தே ஆகவேண்டும். மலையாளமும் 'கள்ளன்மார்' எனத் தெளிவாகக் கூறும். எனினும் தமிழ்த் திரைப்பட எழுத்தில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என ஆங்கிலத் தலைப்பையே தமிழ் எழுத்தில் பெயர்த்தெழுதும் வழக்கமே மிகுதி. ஆங்கிலம் அறியாதவருக்கு அப்பன்மை ஒலியாக மட்டுமே எட்டும். தலைப்பை மொழிபெயர்க்காமை படைப்புக்குக் காட்டும் மதிப்பு எனக் கருதப்படுகிறது. உண்மையில் அது படைப்பின் முதற்சொல்லைப் பார்வையாளரிடமிருந்து மறைப்பதாகும்.

5.3 பால், மதிப்பு, கேள்விச்செய்தி

குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) மொழியியல் நோக்கில் மிகவும் சிக்கலானது. பாழடைந்த வாயிலின்கீழ் மழைக்கு ஒதுங்கிய விறகுவெட்டியும் துறவியும், தாம் வழக்கு மன்றத்தில் கேட்ட வாக்குமூலங்களை மூன்றாமவனுக்கு எடுத்துரைக்கின்றனர். கொள்ளையன், பெண், ஆவியேறியவளின் வாய்வழிப் பேசும் இறந்த வீரன் ஆகிய ஒவ்வொருவர் கூற்றும் ஒன்றுக்கொன்று முரணானது. இறுதியில் விறகுவெட்டி தான் கண்டதாக ஒன்றைக் கூறுகிறான்.

சப்பானிய வினை, பால் காட்டாது, மதிப்புநிலையைக் காட்டும். ஆங்கில வினை இரண்டையும் காட்டாது. மலையாள வினையும் 'வன்னு' என அனைவருக்கும் பொதுவாக நிற்கும். தமிழ் வினை 'வந்தான், வந்தாள், வந்தார்' எனப் பாலையும் மதிப்பையும் வெளிப்படுத்தியே ஆகவேண்டும். விறகுவெட்டி வீரனைக் குறிக்கையில் 'வந்தார்' என்பான். கொள்ளையன் 'வந்தான்' என்பான். ஆங்கிலத்தில் இழந்த சப்பானிய மதிப்புநிலையைத் தமிழ் விகுதி தானாகவே மீட்டுத் தரவல்லது. ஆயின் அதற்கு மொழிபெயர்ப்பாளர் ஆங்கில வரியை மட்டும் படித்தல் போதாது. காட்சியையும் குரலையும் நோக்கி முடிவு செய்தல் வேண்டும்.

தமிழுக்குரிய மற்றொரு வசதி இங்கே பொறியாகவும் ஆகிறது. தான் காணாததைக் கூறுகையில் தமிழர் 'ஆம்' என்னும் இடைச்சொல்லைச் சேர்த்து 'வந்தானாம்' என்பர். மலையாளத்தில் 'அத்ரே', 'போலும்' ஆகியன இப்பணியைச் செய்யும். பிறர் வாக்குமூலத்தைக் கேட்டுச் சொல்லும் இப்படத்துக்கு இதனினும் பொருத்தமான வடிவம் இல்லை எனத் தோன்றும. ஆனால் குரோசாவா ஒவ்வொரு கூற்றையும் கண்ணெதிரே நடந்ததாகவே காட்டுகிறார். நடுவர் முகம் காட்டப்படுவதில்லை, குரலும் கேட்பதில்லை. சாட்சிகள் பார்வையாளரை நோக்கியே பேசுகின்றனர். ஐயுறவு காட்சியில் இல்லை. காட்சிகளுக்கு இடையில் உள்ளது. வரிதோறும் 'ஆம்' சேர்த்தால் பார்வையாளர் அடைய வேண்டிய ஐயத்தை இலக்கணம் முந்திக்கொண்டு தந்துவிடும். வாயிலின்கீழ் நிகழும் உரையாடலில் 'ஆம்' வரலாம். வாக்குமூலத்துக்குள் வருதல் கூடாது. இவ்வாறு எங்கே சேர்ப்பது, எங்கே விடுப்பது எனத் தீர்மானிப்பதே திரைப்படத் திறனாய்வு. சப்டைட்டில் எழுதுதல் எழுத்தர் பணியன்று. திறனாய்வாளர் பணி என்பதற்கு இஃது ஒன்றே சான்றாகும்.

6. எந்தத் தமிழ்?

தமிழில் சப்டைட்டில் எழுத முற்படுவோர் முதலில் எதிர்கொள்வது இரட்டை வழக்குச் சிக்கல். திரையில் ஒருவன் பேசுகிறான். அடியில் 'போகிறேன்' என எழுதுவதா, 'போறேன்' என எழுதுவதா? மலையாளத்தில் எழுத்துக்கும் பேச்சுக்கும் இடையிலான இடைவெளி தமிழைவிடக் குறைவு. தமிழில் பேச்சு வடிவை எழுதினால், எவ்வட்டாரப் பேச்சு என்னும் வினா உடன் எழும். வணிகத் திரைப்படத்தின் பொதுப் பேச்சு விளவங்கோட்டாருக்கு அயலானது. மேலும் கண் பழகியது எழுத்து வடிவத்துக்கே. ஒரு சப்டைட்டில் இரு வரிக்கு மிகாமலும் ஏறத்தாழ ஆறு நொடிக்கு மிகாமலும் நிற்பது மரபு. அந்நேரத்துக்குள் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரும் வடிவங்கள் பார்வையாளரின் கண்ணைக் காட்சியிலிருந்து பறித்துக்கொள்ளும்.

எனவே எளிய எழுத்துத் தமிழே தக்கது எனலாம். வினைமுற்றே எழுவாயை உணர்த்துதலால் 'நான்', 'அவன்' ஆகியவற்றைப் பல இடங்களில் விடலாம். தமிழ்ச் சொற்களின் நீளத்தால் இழக்கும் இடத்தை இவ்வாறு ஈடுசெய்யலாம். உறவுப்பெயர், விளி, மதிப்பு விகுதி ஆகியவற்றை மட்டும் பேச்சில் உள்ளவாறே காத்தல் வேண்டும். பேச்சின் உயிர் அவற்றில்தான் உள்ளது.

சப்டைட்டில் காட்சியைக் கெடுக்கும் என்பாரும் உளர். இவ்வாதம் எம்மொழிச் சப்டைட்டிலுக்கும் பொருந்தும். ஆங்கில வரிகள் ஓடுகையில் எழாத இக்குறை, தாய்மொழி வரிகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் எழுதல் முறையன்று.

7. தமிழில் நிகழ்ந்தவையும் நிகழாதவையும்

1977இல் ஜான் ஆபிரகாம், வெங்கட் சாமிநாதன் எழுதிய திரைக்கதையைக் கொண்டு 'அக்ரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப் படத்தை இயக்கினார். அவ்வாண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. எனினும் திரையரங்குகளில் வணிக முறையில் வெளியாகவில்லை. தொலைக்காட்சியில் அறிவிக்கப்பட்ட ஒளிபரப்பும் கைவிடப்பட்டது. தமிழ்ப் படம் ஒன்றைத் தமிழர் காணத் திரைப்படச் சங்கமே வழியாயிற்று. மலையாளச் சங்கப் பண்பாட்டில் தோய்ந்த ஒருவர் தமிழுக்குத் தந்த படத்தை ஏற்று வைத்துக்கொள்ளத் தமிழில் சங்கங்கள் பரவலாக இல்லாமை அன்றைய நிலை.

அதன்பின் தமிழில் திரைப்பட எழுத்து வளர்ந்தது. அம்ஷன் குமாரின் 'சினிமா ரசனை', தியடோர் பாஸ்கரனின் வரலாற்று நூல்கள், 'சலனம்', 'நிழல்' முதலிய இதழ்கள், செழியன், எஸ். ராமகிருஷ்ணன் ஆகியோர் உலகப் படங்கள் பற்றி எழுதிய கட்டுரைகள் ஆகியன குறிப்பிடத்தக்கவை. இவற்றால் உலகத் திரைப்படம் பற்றித் தமிழில் படிப்போர் பெருகினர். ஆனால் படம் பற்றித் தமிழில் படிப்பதும் படத்தைத் தமிழில் காண்பதும் வேறு. முன்னதில் அடைந்த வளர்ச்சி பின்னதில் இல்லை.

மலையாளத்தில் இவ்விடைவெளியைத் தன்னார்வலர் நிரப்பினர். 2012இல் 'எம்சோன்' என்னும் குழு, மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' படத்துக்கு மலையாளச் சப்டைட்டில் எழுதித் தொடங்கிற்று. அதன்பின் எண்ணற்ற படங்களுக்கு எழுதப்பட்டது. படச்சுருள் காலத்தில் எழுத்தைப் படத்தின்மீதே பொறிக்க வேண்டும், பெருஞ்செலவு. இன்று எழுத்து தனிக் கோப்பாக உள்ளது. ஒவ்வொரு வரியும் எந்நொடியில் தோன்றி எந்நொடியில் மறையவேண்டும் என்னும் குறிப்புடன் கூடிய எளிய உரைக் கோப்பு அது. மொழியறிவும் பொறுமையும் உடைய எவரும் எழுதலாம். தடை இன்று பணமன்று.

இவ்வளர்ச்சியின் பயன் காரக்கோணத்தில் எவ்வாறு அமைகிறது? மலையாளம் கற்ற எல்லைத் தமிழர் அவ்வரிகளைப் படித்துவிடுவர். அது வரவேற்கத்தக்கது, மலையாளமும் அவர்தம் மொழியே. ஆனால் களியக்காவிளைக்குக் கிழக்கே உள்ள அவர்தம் உறவினர் அதே வரிகளைப் படிக்கவியலாது. உரக்கப் படித்துக் காட்டினால் பெரும்பகுதி விளங்கும். எழுத்தாக நின்றால் விளங்காது. அச்சிட்ட சொல் எல்லையில் நின்றுவிடுகிறது. குரல் எல்லையைக் கடக்கிறது. மௌனப்படக் காலத்து விளக்குநரைப் பழமை எனத் தள்ளிவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம். விரைந்து படிக்கவியலாத முதியோருக்கும், எழுத்தறியாதாருக்கும், இரு எழுத்துகளுக்கு இடைப்பட்ட எல்லை மக்களுக்கும் படத்துக்கு முன்னும் இடையிலும் ஒலிக்கும் குரலே உண்மையான சப்டைட்டில் ஆகும்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

அ. திரைப்படத்துக்கு மொழி வேண்டாம் என்னும் கருத்து, திரையிடலில் மொழி ஆற்றும் பணியை மறைத்துவிடுகிறது. அவ்வாறு மறைக்கப்பட்ட இடத்தில் ஆங்கிலம் தானே அமர்ந்துகொள்கிறது.

ஆ. கேரளத்திலும் ஹெக்கோட்டிலும் சங்கம் சிற்றூரை அடைந்தமைக்கு வட்டார மொழியில் அமைந்த விளக்கமும் விவாதமும் முதன்மைக் காரணங்கள். தமிழில் அது நிகழாமைக்குப் பார்வையாளரின் ரசனைக் குறைவைப் பழிப்பது பொருந்தாது.

இ. உறவுப்பெயர், எண், மதிப்பு, கேள்விச்செய்தி ஆகிய கூறுகளில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் மூலப்படங்களுக்கு நெருக்கமாக நிற்கவல்லது. ஆங்கில வழியாக மட்டும் மொழிபெயர்ப்பதால் இவ்வளம் வீணாகிறது.

ஈ. எல்லைப்பகுதிகளுக்கு அச்செழுத்தினும் வாய்மொழி விளக்கமே ஏற்றது. தமிழ், மலையாளம் இரண்டையும் அறிந்தோர் அங்கு மிகுதியாதலின் இதற்குரிய ஆட்களை வெளியிலிருந்து தேடவேண்டியதில்லை.

மொழி நிறுவனங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் ஆண்டுதோறும் எத்தனையோ மொழிபெயர்ப்புத் திட்டங்களை மேற்கொள்கின்றன. அவற்றுள் ஒன்றாகச் செவ்வியல் திரைப்படங்களுக்கு மூலமொழி அறிந்தோர் துணையுடன் தமிழ்ச் சப்டைட்டில் எழுதுவதையும், ஒவ்வொரு படத்துக்கும் வாய்விட்டுப் படிக்கத்தக்க விளக்கவுரை ஒன்றை ஆயத்தம் செய்வதையும் சேர்த்தல் கடினமன்று. அப்புவின் 'திதி' காரக்கோணத்துப் பிள்ளையின் காதில் 'அக்கா' என விழும் நாளில், திரைப்படம் உலகப் பொதுமொழி என்னும் பழைய கூற்று உண்மைக்கு ஓரளவேனும் அணித்தாகும்.